அடிமாட்டு விலையா, கணக்கு விலையா, நிபந்தனைப் பேரமா? ஃபிளாட் வாங்கும்போது குறைத்துக் கேட்க மூன்று வழிகள்

ஃபிளாட்டுக்குச் சொன்ன விலையைவிடக் குறைத்துக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பேரம் வரும் என்று தெரிந்துதான் பெரும்பாலும் விற்பவரும் விலை சொல்கிறார். எப்படிக் குறைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வழி மாறுகிறது. எடுத்த எடுப்பிலேயே 20, 25 சதவீதம் இறக்கிக் கேட்பவர்கள் உண்டு. கணக்குத் தாளோடு வந்து 10 சதவீதத்தை ஒட்டிப் பேசுபவர்கள் உண்டு. விலையை லேசாகத் தொட்டுவிட்டு, பணம் தரும் வேகம், சாவி வாங்கும் நாள், உள்ளே இருக்கும் சாமான் என்று வேறு பக்கத்தில் ஆதாயம் பார்ப்பவர்களும் உண்டு. மூன்றையும் ஒரே ஃபிளாட்டில் வைத்துப் பார்ப்போம். விற்பவர் சொல்லும் விலை 100 என்று கொள்ளுங்கள்.

அடிமாட்டு விலை

100 சொன்னதற்கு 78 என்று கேட்கிறீர்கள். நடுவில் வந்து முடித்தாலும் 89 என்பது உங்கள் நினைப்பு. நடப்பது பெரும்பாலும் வேறு. விற்பவர் கோபித்துக்கொண்டு போகாவிட்டால் 99 என்பார். பேச்சு முறியக் கூடாதே என்று நீங்கள் 84-க்கு ஏறுவீர்கள். ஒரே மூச்சில் 6 ஏறியவர் இன்னும் ஏறுவார் என்று அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிடும். இடைவெளி பெரிதாக இருந்தால் அதைக் கடக்கப் பெரிய படிகள் எடுத்துவைத்தாக வேண்டும், அந்தப் படிகளே உங்கள் மடியில் இன்னும் பணம் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வழியின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

விற்பவர் மனது வைத்தாலும் முடியாத நிலையும் உண்டு. ஃபிளாட்டின் மேல் அவருக்கு 82 கடன் பாக்கி இருந்தால், 78-க்கு விற்க அவர் கையிலிருந்து 4 போட வேண்டும். பல வாரிசுகள் சேர்ந்து விற்கிற வீடு என்றால், ஒருவர் முகம் சுளித்தாலே போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் விசாரியுங்கள். 1990-களில் பாஸ்டன் நகரத்து ஃபிளாட் விற்பனைகளை ஆராய்ந்து ஜெனசோவ், மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டி விலை சொன்னார்கள், விற்காமல் நீண்ட நாள் காத்தும் கிடந்தார்கள். உச்ச விலையில் வாங்கியவரிடம் 78 என்பது வீண் பேச்சு. வெகு காலத்துக்கு முன்பு மலிவாக வாங்கியவர் எந்த விலையிலும் லாபத்தில்தான் இருக்கிறார், அதனால் காது கொடுத்தாவது கேட்பார்.

ஆக, அடிமாட்டு விலைக்கு இடம் உண்டு, ஆனால் குறுகிய இடம். வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்க வேண்டும், விலையை ஏற்கெனவே ஒருமுறையாவது இறக்கியிருக்க வேண்டும், விற்பவருக்கு ஒரு கெடு நாள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் முயலலாம். வீடு விற்பனைக்கு வந்த முதல் வாரத்தில் இப்படிக் கேட்பவர், அடுத்து நல்ல விலையோடு வந்தாலும் அவரை யாரும் மதித்துப் பேசுவதில்லை.

கணக்கு விலை

எங்கள் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும். அரைகுறைக் கணக்கு வெறும் பேரத்தைவிட மோசம்.

வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே வீட்டை வெவ்வேறு பட்டியல் விலையோடு, அதாவது விற்பவர் கேட்பதாகப் போட்ட விலையோடு, காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். தொழில்முறை வீட்டு முகவர்களின் மதிப்பீடுகூடப் பட்டியல் விலையின் பக்கமே சாய்ந்தது. அனுபவசாலிகளுக்கே அந்தக் கதி.

எண்ணை இப்படி எடுக்கலாம். அதே கட்டடத்தில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் விற்ற மூன்று ஃபிளாட்களின் விலையைப் பிடியுங்கள். விளம்பரத்தில் கேட்ட விலை உதவாது, பதிவான விலைதான் வேண்டும். 93, 96, 95 என்று வருகிறது. 96-க்குப் போனதில் கூடுதலாக ஒரு கார் நிறுத்தும் இடம் இருந்தது, அதற்கு 2 கழித்தால் 94. சராசரியும் 94. ஒப்பிடும் பரப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒன்றுக்குச் சுவருக்குள் உள்ள பரப்பையும் இன்னொன்றுக்குப் படிக்கட்டு, வராந்தா பங்கு சேர்ந்த பரப்பையும் வைத்துச் சதுர அடிக் கணக்குப் போட்டால் எல்லாம் கெட்டது.

அடுத்து, இந்த ஃபிளாட்டுக்கு மட்டுமே உரிய குறைகள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து நீர் கசிகிறது. கூரையில் ஓர் ஓரத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள், அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரையும் பாருங்கள். இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கியதில் 1.8 ஆகிறது. பராமரிப்புக் கட்டண பாக்கி 0.5. லிஃப்ட் மாற்றச் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது, இந்த வீட்டின் பங்கு 1.2. ஆகமொத்தம் 3.5. அதை 94-ல் கழித்தால் 90.5.

வயரிங்கும் பழசுதானே, அதையும் கழிக்கலாமே என்று தோன்றும். கூடாது. விற்ற மூன்று ஃபிளாட்டிலும் அதே வயதுள்ள வயரிங்தான், அந்தக் குறை 94-க்குள்ளேயே அடங்கிவிட்டது. லிஃப்ட் தீர்மானத்துக்கும் இதே சோதனை உண்டு. தீர்மானத்துக்குப் பிறகு விற்ற ஃபிளாட்டின் விலையில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சமையலறை டைல்ஸின் நிறம் பிடிக்கவில்லை என்பதும் உங்கள் ரசனைக் கணக்கு, விற்பவர் தலையில் கட்ட முடியாது. இப்படி ஒரு தவறான வரி தாளில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே மற்ற வரிகளையும் உடைத்துவிடுவார்கள். பாக்கியை விற்பவரே கட்டிவிடுகிறேன் என்றால் 0.5-ஐ மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடுங்கள். அந்த நேர்மை மற்ற இரண்டு வரிகளுக்கும் வலு.

90.5 உங்கள் உச்ச வரம்பு. அதைத் தொடக்க விலையாகச் சொல்லிவிடுவதுதான் கணக்குப் போடுபவர்கள் அதிகம் செய்யும் பிழை. 87.4-ல் தொடங்குங்கள். முழு எண் வாய்க்கு வந்தது போலத் தெரியும், இந்த எண் ஒரு கணக்கிலிருந்து வந்தது என்று தெரியும். அங்கிருந்து 89.2, பிறகு 90, பிறகு 90.4. ஏற்றம் 1.8, 0.8, 0.4 என்று ஒவ்வொரு முறையும் ஏறக்குறையப் பாதியாகிறது. உங்கள் வரம்பு நெருங்குகிறது என்று சொல்லாமலே விற்பவருக்கு விளங்கும்.

நிபந்தனைப் பேரம்

மூன்று நான்கு பேர் ஒரே வீட்டுக்குப் போட்டி போடும்போது விலையில் பெரிதாகக் குறைக்க வழியில்லை. அப்போது இது கைகொடுக்கும். ஆனால் ஒவ்வொரு நிபந்தனையையும் விலையாக மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் பெரியதைக் கொடுத்துச் சிறியதை வாங்குவீர்கள். அந்த வீட்டின் ஆண்டு வாடகை 3 என்றால், விற்றபின் இரண்டு மாதம் அங்கேயே இருந்துகொள்ள அனுமதிப்பது 0.5 கொடுப்பதற்குச் சமம். 10 முன்பணத்தை மூன்று மாதம் முன்கூட்டித் தந்தால், ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் அது சுமார் 0.23. ஏசியும் அலமாரியும் விட்டுவிட்டுப் போகிறேன் என்பவரிடம் கடை விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், பழைய சாமான் விலைதான் அதன் மதிப்பு. சட்ட ஆய்வு, கட்டட ஆய்வு, கடன் ஒப்புதல் ஆகிய மூன்று நிபந்தனைகளை மட்டும் வேகத்துக்காக விட்டுக்கொடுப்பதை நாங்கள் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

புரோக்கரும் வங்கியும்

எந்த வழியானாலும் எண்ணை வாய்வழி அனுப்பாதீர்கள். ஒரு பக்கத் தாளில் விலை, காரணங்கள், கடன் முன் ஒப்புதல், பணம் தரும் நாள் எல்லாவற்றையும் எழுதி, அப்படியே விற்பவரிடம் காட்டச் சொல்லுங்கள். 2 சதவீதக் கமிஷனில், 100-க்கு முடித்தால் புரோக்கருக்கு 2, 95-க்கு முடித்தால் 1.9. அந்த 0.1-க்காக அவர் மாதக்கணக்கில் காத்திருக்க மாட்டார். லெவிட், சிவர்சன் இருவரும் அமெரிக்காவில் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மட்டும் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை பெற்றது தெரிந்தது. உடனே முடிக்கத் தயாராக நிற்பவர் பக்கம் புரோக்கரின் மனம் சாயும்.

வங்கி தன் மதிப்பீடு, ஒப்பந்த விலை இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் பொதுவாகக் கடன் தரும். 95-க்குப் பேசி முடித்து 80 சதவீதக் கடன் என்றால் உங்கள் கைப்பணம் 19. மதிப்பீடு 90 என்று வந்துவிட்டால் கடன் 72-தான், நீங்கள் 23 புரட்ட வேண்டும். மதிப்பீடு குறைந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், அல்லது முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம் என்ற வரியை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுங்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டபின், கடைசி வாரத்தில் மதிப்பீட்டுத் தாளை நீட்டி விலையைக் குறைக்கச் சொன்னால், விற்பவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார், முன்பணத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.