பெரியாவா, குருஷ்சேவா? 1953-இல் ஆட்டம் மாறியிருந்தால்

1953 ஜூன் 26. ஸ்டாலின் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கிரெம்ளினில் சோவியத் தலைவர்களின் கூட்டம் நடக்கிறது, பக்கத்து அறையில் தளபதி ஜுக்கோவும் சில ராணுவ அதிகாரிகளும் காத்திருக்கிறார்கள். பிரதமர் மாலென்கோவ் மணியை அழுத்தியதும் உள்ளே நுழைந்து ரகசியப் போலீஸின் தலைவர் லாவ்ரெந்தி பெரியாவைக் கைது செய்தார்கள். டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அவரை வீழ்த்தத் திட்டமிட்ட குருஷ்சேவ்தான் பிறகு நாட்டின் தலைவரானார். சரி, பெரியா முந்திக்கொண்டிருந்தால்?

ஜெர்மனி விஷயத்தில் பெரியா பக்கம்தான் சாய்வேன். கிழக்கு ஜெர்மனியை விட்டுக்கொடுக்கப் பார்த்தார் என்பதே சகாக்கள் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு. அவர் வென்றிருந்தால் 1961-இல் பெர்லின் சுவர் எழுந்திருக்காது என்பது என் ஊகம்.

சிறைகள் வேறு கதை. ஸ்டாலின் இறந்த மூன்றே வாரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரை விடுவித்த பொதுமன்னிப்பு பெரியாவின் யோசனைதான். ஆனால் அரசியல் கைதிகளில் பெரும்பாலோர் அதில் இல்லை. குருஷ்சேவும் சுத்தமான ஆளில்லை. ஆனாலும் 1956-இல் ஸ்டாலினின் குற்றங்களைக் கட்சி மாநாட்டிலேயே பேசினார். 1940-இல் போலந்துக் கைதிகளை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்ற காத்தின் படுகொலையை முன்மொழிந்து கையெழுத்திட்ட பெரியா அதை எந்த வாயால் பேசியிருப்பார்?

அப்புறம், சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குப் பெரியாவின் பக்கங்களை வெட்டிவிட்டு ஒட்டிக்கொள்ளப் பெரிங் கடல் பற்றிய தாள்கள் வந்தன. முடிவு மாறியிருந்தால் குருஷ்சேவுக்கு எந்தக் கடலைத் தேடியிருப்பார்களோ!