108 அழைப்புச் சேவை: தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு வேண்டிய தகுதி

108 ஆம்புலன்ஸ் சேவையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வண்டி எவ்வளவு விரைவாக வந்தது என்பதைத்தான் சொல்கிறார்கள். நான் மதிப்பிட விரும்புவது வண்டி வருவதற்கு முன் தொலைபேசியில் நடப்பதை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரின் அருகே எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவில் மயங்கி விழுந்தபோது, அவருக்கு முதலில் கிடைத்த மருத்துவ உதவி அழைப்பை ஏற்ற பெண்ணின் கேள்விகள்தாம்.

அவர் முதலில் இடத்தைக் கேட்டு, எங்கள் எண்ணை உறுதிசெய்துகொண்ட பிறகே என்ன நேர்ந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா என்று விசாரித்தார். பதறி நிற்பவர்களுக்கு இந்த வரிசை எரிச்சல் தரலாம். ஆயினும் 1988இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, அவசர அழைப்புகளை ஏற்போருக்குச் சான்றிதழ் வழங்கிவரும் அமைப்பு வகுத்த வரிசையும் இதுவே. இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம்.

மூச்சு சீராக வருகிறதா என்று அவர் மறுபடியும் கேட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு மூச்சுத் திணறல் தொடரும். அதைக் கண்டு உறவினர்கள் மூச்சு இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். பயிற்சி பெற்றவர் அந்த வேறுபாட்டைக் கேள்வியாலேயே கண்டறிந்து, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தச் சொல்லி, வண்டி வரும்வரை உடனிருந்து வழிநடத்துவார். இதனால்தான் அந்தச் சான்றிதழுக்குப் பயிற்சியும் தேர்வும் மட்டும் போதாமல், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் இச்சேவையின் அழைப்புகள் சென்னையில் ஏற்கப்படுகின்றன. எங்கள் மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலோ விளை என்று முடியும் ஊர்கள் ஏராளம்; பெயர்கள் எளிதில் குழம்பும். வீடுகளும் தெருவாக அமையாமல் தோப்புகளுக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. ஆகவே அழைப்புகளை ஏற்போருக்கான தகுதித் தேர்வில் மருத்துவக் கேள்விகளுக்கு இணையாக, ஊராட்சி, குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்), கோவில், சந்திப்பு ஆகியவற்றைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் திறனும் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அழைப்பவர்கள் ஊர்ப் பெயரோடு ஊராட்சியின் பெயரையும் முதலிலேயே சொல்லிவிட்டு, அழைப்பை ஏற்றவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருங்கள்.