விரிசல் விட்ட ரோஸ்வுட்: என் 642க்கு ஐந்து வருஷமாகப் பிடி தேடிய கதை

போன வாரம் என் 642 ரிவால்வரின் ரோஸ்வுட் பிடியில், இடது பலகையில் விரிசல் விட்டுவிட்டது. எபாக்ஸி தடவி, துணி காயப்போடும் கிளிப் நான்கை மாட்டிக் காயவைத்த அன்று ராத்திரியே நண்பர் ஒருவரிடமிருந்து வாட்ஸப்: "நானும் 642 வாங்கிட்டேன் ஜி. கிரிப் எது போடலாம்? உங்ககிட்டதான் ஒரு பெட்டியே இருக்கே." பெட்டி இருப்பது உண்மைதான். ஷூ வாங்கிய அட்டைப்பெட்டி, அதில் ஆறு செட். மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று நான் கூட்டிப் பார்ப்பதில்லை, வீட்டிலும் யாரையும் கூட்டவிடுவதில்லை. ஒரு வரியில் பதில் போட நினைத்து நான்கு தடவை அடித்து அழித்தேன், முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

துப்பாக்கியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி, ஜே ஃபிரேம் என்கிற அவர்களின் சின்ன அளவு, 38 ஸ்பெஷல் ரகத் தோட்டா ஐந்து பிடிக்கும், தோட்டாவை அடிக்கும் சுத்தியல் (ஹாமர்) உள்ளேயே மறைந்திருக்கும் ரகம். ஹூஸ்டனில் பழையதாக வாங்கினேன், அதுவும் கிரீன் கார்டு வந்த பிறகு. எச்1பியில் இருப்பவரை இங்கே கூட்டாட்சிச் சட்டம் தொடவே விடாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்கு தவிர. நண்பருக்கு இது தெரியும், தெரியாத வேறு யாராவது படித்தால் என்று சொல்லிவைக்கிறேன். 1950இல் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் முதல் ஜே ஃபிரேம் வந்தபோது அது எஃகு. 642இன் ஃபிரேம் அலுமினியக் கலவை, மொத்தமே 15 அவுன்ஸ் பக்கம், அரைக் கிலோகூட இல்லை. இடுப்பில் இருப்பதே தெரியாது. சுடும்போது தெரியும். அந்த உதை முழுக்க உள்ளங்கையில் வந்து இறங்கும் இடம் பிடிதான், அதனால்தான் இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவன் எவனும் ஒரு பிடியோடு நிற்பதில்லை.

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒரு ரப்பர் பிடி போட்டிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், ரப்பர் என்றாலே இதுதான் கதை. பின்பக்கத்தையும் மூடியிருக்கும், விரல் பதிய பள்ளங்கள், கையில் வாங்கியதும் "ஆஹா" என்று இருந்தது. சுடுதளத்திலும் ஆஹாதான், ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சுட முடியும். பிரச்சினை, சுடாத நேரத்தில். அதாவது வருஷத்தில் முந்நூற்றறுபது நாள்.

ரப்பர் துணியை விடாது. அவ்வளவுதான் என் புகார், ஆனால் ஐந்து வருஷமாக அதே புகார். வலது இடுப்பில், பேண்டுக்குள் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), மேலே தொளதொளவென்று ஒரு காட்டன் சட்டை. இந்தியன் கடையில் மேல் தட்டில் இருந்த அப்பளக் கட்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். சட்டை மேலே போனது. கையை இறக்கினேன். சட்டை இறங்கவில்லை. ரப்பரின் மேல் முனையில் சிக்கிக்கொண்டு, குடை பாதி விரிந்த மாதிரி அங்கேயே நின்றது. எனக்கு எதுவும் தெரியாமல் அப்பளம் உளுந்தா அரிசியா என்று படித்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து மனைவி, குரலே எழாமல், "என்னங்க... சட்டை." அந்த வரிசையில் ஒரு பாட்டி வேறு நின்றிருந்தார். கத்திரிக்காயைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

டெக்ஸாஸில் சட்டப்படி பெரிய ஆபத்து இல்லை. 2016இலிருந்து லைசென்ஸ் இருந்தால் ஹோல்ஸ்டரில் வெளியே தெரியும்படியே வைத்துக்கொள்ளலாம், 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை. ஆனால் 30.07 பலகை மாட்டிய கடையில் வெளியே தெரியக்கூடாது, அங்கே சட்டை சிக்கினால் வம்பு. சட்டம் கிடக்கட்டும், மானம் என்று ஒன்று இருக்கிறதே. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளத்தானே இவ்வளவு சின்னதாக வாங்கினோம்? (வேட்டி கட்டும் நாளில் இந்தத் தொல்லையே இல்லை. பெல்ட் இல்லாத வேட்டியில் ஹோல்ஸ்டர் நிற்காது, அது அன்றைக்கு வீட்டுப் பெட்டகத்தில் தூங்கும்.)

ரப்பருக்குக் குழந்தை பவுடர் தடவலாம் என்று சுடுதளத்தில் ஒரு பெரியவர் சொன்னார். தடவினேன். நன்றாகத்தான் வழுக்கியது, பார்க்கிங்கில் இருந்து கடை வாசல் போகும் வரை. ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வியர்வையில் பவுடர் மாவாகி, கறுப்புச் சட்டையின் உள்பக்கம் விபூதிப் பட்டை. அதோடு விட்டேன்.

அப்புறம்தான் ரோஸ்வுட் வந்தது. இரண்டு பலகை, நடுவில் ஒரு திருகு, பின்முதுகு, அதாவது உள்ளங்கை படும் பக்கம், திறந்தே இருக்கும். பளபளவென்று மெழுகு போட்ட மாதிரி. மாட்டிய அன்று கண்ணாடி முன்னால் நின்று, தோட்டா ஐந்தையும் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, கையைத் தூக்குவதும் இறக்குவதுமாகப் பத்து நிமிஷம் உடற்பயிற்சி செய்தேன். சட்டை ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கியது. இப்படி ஒரு சின்ன விஷயத்துக்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை, நான் பட்டேன்.

இன்னொரு லாபமும் இருந்தது, எதிர்பார்க்காதது. என் கை சின்னது. பின்முதுகை மூடிய ரப்பர் என்றால் உள்ளங்கைக்கும் டிரிகருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கூடிவிடும். அந்தத் தூரம் கூடியதில் விரல் நுனி மட்டும்தான் டிரிகரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த ரகத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் டிரிகரை முழு நீளம் இழுக்க வேண்டும், 12 பவுண்டு பக்கம் வரும் அந்த இழுப்பை நுனிவிரலால் செய்தால் துப்பாக்கி பக்கவாட்டில் தள்ளும். ரோஸ்வுட்டில் விரலின் முதல் மடிப்பு வரை போய் உட்கார்ந்தது. பிடி என்றால் கைக்கு மெத்தை என்று நினைத்திருந்தவன், அது விரலுக்கும் டிரிகருக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிக்கும் சமாச்சாரம் என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். நண்பருக்கும் சின்னக் கைதான், அவர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

வந்தபடியே சரியாக இருந்ததா என்றால் இல்லை. சிலிண்டரைத் திறந்து, சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைத் தள்ளினால், இடது பலகையின் மேல் விளிம்பில் ஒரு கூடு இடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கும். ஐந்து தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீட்லோடரும் அங்கேயே முட்டும். குட்டைக் குழல் என்பதால் தள்ளும் தண்டும் குட்டை, கூடுகளை முழுசாக வெளியே தள்ளாது, அதனால் பலகை ஒரு முடியளவு இடித்தாலும் போச்சு. மரத்தைத் தேய்க்கும் தைரியம் வர எனக்கு ஒரு மாசம் ஆனது. 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, பிறகு 400, ஒவ்வொரு இருபது தேய்ப்புக்கும் ஒரு தடவை மாட்டிக் காலிக் கூடு போட்டுப் பார்ப்பது. தாத்தா அரிவாளுக்குப் புதுப் பிடி போடும்போது இப்படித்தான் செய்வார், செதுக்குவார், கையில் வீசிப் பார்ப்பார், மறுபடி செதுக்குவார், கேட்டால் "கை சொல்லும்டா" என்பார். எனக்குக் கை ஒன்றும் சொல்லவில்லை, காலிக் கூடு சொன்னது. கடைசியில் ஐந்தும் டங் டங்கென்று தரையில் விழுந்த சத்தம் இருக்கிறதே. அந்தத் தேய்த்த இடத்தில் எண்ணெய் பூசி, நிறம் ஒரு மாற்று குறைந்திருப்பதை நான் மட்டும் அறிவேன்.

சரி, இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது வலி.

மரப்பிடியில் பிளஸ் பி தோட்டா (அழுத்தம் கூடிய ரகம்) சுட்டவர்களுக்கு நடுவிரல் கணுவைப் பற்றிச் சொல்ல வேண்டாம். டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிகர் கார்டுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை என் ரோஸ்வுட் சரியாக நிரப்பாது. உதைக்கும்போது கார்டு நேராக வந்து கணுவில் அடிக்கும், ஸ்கூலில் வாத்தியார் ஸ்கேலைத் திருப்பி அடிப்பாரே, அதே இடம், அதே மரியாதை. பத்து தோட்டா வரை வீரம். இருபதில் நான் என்னை அறியாமலே கண்ணை மூட ஆரம்பிப்பேன், அதோடு அன்றைய பயிற்சி வீண். 148 கிரெய்ன் வாட்கட்டர் என்கிற மென்மையான பயிற்சித் தோட்டா போட்டால் சாது, பழகுவதற்கு அதுதான் வாங்குகிறேன். இந்த இடைவெளிக்குப் பழைய ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் டைலர் டி கிரிப், மெல்லிய பலகைகளுக்கு முன்னால் செருகிக்கொள்ளும் ஒரு சின்ன உலோகத் துண்டு. என் பெட்டியில் ஒன்று இருக்கிறது, அருமையான யோசனை. ஆனால் அதற்கான மெல்லிய பலகைகளைப் போட்டால் கையில் எதையும் பிடித்திருக்கிற மாதிரியே இல்லை எனக்கு.

பெட்டியில் மற்றவை: லேசர் வைத்த ஒன்று, நடுவிரல் அழுத்தினால் சிவப்புப் புள்ளி வரும். வேலை செய்யும், ஆனால் நான் இலக்கை விட்டுவிட்டு அந்தப் புள்ளி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விரலுக்கும் இடம் தரும் நீளமான ஒன்று, பிரமாதமாகச் சுடும், அதைப் போட்டால் பெரிய துப்பாக்கியையே வாங்கியிருக்கலாம். வலது பலகையிலேயே கொக்கி இருக்கும் ஒன்று, ஹோல்ஸ்டர் இல்லாமல் பேண்டில் மாட்டிக்கொள்ளலாம். டிரிகர் திறந்தபடி இடுப்புக்குள் இருப்பது எனக்குப் பயம், ஒரு நாளோடு கழற்றிவிட்டேன்.

விரிசலுக்கு வருகிறேன். ஜே ஃபிரேமில் பிடி மாட்டும் உலோகப் பகுதியின் அடியில் ஒரு சின்ன முளை இருக்கும், பலகையின் உள்ளே இருக்கும் துளை அதில் உட்கார வேண்டும். என் இடது பலகையில் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது, அதனால் திருகு தளர்ந்துகொண்டே இருக்கும். மனைவியின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன் (மெரூன், கேட்டுத்தான் எடுத்தேன்). போன வாரம் சுத்தம் செய்து மாட்டும்போது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு கால் திருப்பு என்று முறுக்கினேன். டிக். துளையிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரு கோடு. விற்றவருக்கு மெயில் போட்டேன், மரம் என்றால் அப்படித்தான் என்கிற பாணியில் பதில். கோபம் வந்தது. ஆனால் முறுக்கியது என் கை, இவர்மேல் முழுப் பழியும் போட முடியாது. பாதிப் பழி போடலாம். துளை நேராக இருந்திருந்தால் நான் ஏன் முறுக்கப் போகிறேன்?

ஒட்டியது காயும் வரை பெட்டியிலிருந்து ஆறாவதை எடுத்து மாட்டினேன், ரப்பர் பூட் கிரிப். கணுக்காலில் பூட்ஸுக்குள் வைக்கிற அளவுக்குக் குட்டையானது. கிரெய்க் ஸ்பீகெல் என்பவர் வடிவமைத்தது, அங்கிள் மைக்ஸ் கம்பெனி அதை ரப்பரில் கொண்டுவந்தது. பின்முதுகு திறந்திருக்கும், அதனால் என் விரல் டிரிகரை எட்டும். கார்டுக்குப் பின்னால் நிரப்பியிருக்கும், அதனால் கணு தப்பிக்கும். சுண்டுவிரல் மட்டும் அந்தரத்தில் தொங்கும், அதை அடியில் மடித்து வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். சனிக்கிழமை சுடுதளத்தில் 7 கஜத்தில் ஐந்து தோட்டாவும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. ரோஸ்வுட்டில் அதே தூரத்தில் இரண்டு உள்ளங்கை வேண்டும், நல்ல நாளிலேயே. ஐம்பது தோட்டா சுட்டேன், கண்ணை மூடவில்லை. நான் வாங்கியபோது விலை 30 டாலர் சொச்சம்தான். எப்படிக் கணக்குப் போட்டாலும் இதுதான் ஜெயிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோஸ்ட்கோவில் தண்ணீர் கேஸ் தூக்கி நிமிர்ந்தேன். சட்டை பாதியில் நின்றது. மேல் முனையில் அதே பழைய இடம். இந்தத் தடவை நானே கண்டுபிடித்து இழுத்துவிட்டேன், யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நண்பருக்கு இன்று காலையில் ஒரு வரி அனுப்பிவிட்டேன்: "ரப்பர் பூட் கிரிப் வாங்குங்க ஜி, கண்ணை மூடிட்டு." அவரும் கட்டைவிரல் காட்டிவிட்டார். எபாக்ஸி நன்றாகக் காய்ந்திருக்கிறது, கோடு தெரிகிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. முளைத் துளையை இரண்டு தேய்ப்பு அகலப்படுத்திவிட்டு மாட்டிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் உப்புத்தாள் தூளைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் கட்டையா?" என்றாள் மனைவி. சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன்.