பைக்கால் ஐஸ் டூர் புக் பண்றவங்க இதைப் படிச்சிட்டு பணம் கட்டுங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க கவனத்துக்கு. விசா வேண்டாம், ரஷ்யா போலாம், உறைஞ்ச பைக்கால் ஏரி மேல வேன்லயே சுத்தலாம்னு இங்க ஒரு டிராவல் ஏஜென்ட் ஏப்ரல் கடைசிக்கு பேக்கேஜ் வித்தாங்க, நோட்டீஸ்ல "ஒரு மீட்டர் ஐஸ், லாரியே போகும்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. அந்த ஒரு மீட்டர் மார்ச் மாச கணக்கு, அதுவும் நல்லா உறைஞ்ச இடத்துல. ஏப்ரல் கடைசில வண்டி இறக்குறதே தப்பு, இதை எங்ககிட்ட யாரும் சொல்லல.

நாங்களும் அந்த டூர்ல போனோம், மத்தியான சாப்பாட்டுக்கு வேனை ஐஸ் மேலயே நிறுத்திட்டாங்க. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பின் டயர் பக்கத்து விரிசல்ல இருந்து தண்ணி ஊறி டயரைச் சுத்தி தேங்க ஆரம்பிச்சிடுச்சு. மிதக்கிற ஐஸ்ல பத்துல ஒரு பங்குதான் தண்ணிக்கு மேல நிக்கும், பாரம் ஒரே இடத்துல ரொம்ப நேரம் இருந்தா ஐஸ் மெல்ல மெல்ல தொய்ஞ்சு அந்த ஒரு பங்கும் அமுங்கிடும், தண்ணி மேல வருதுன்னா உடனே எல்லாரும் விலகணும்னு அர்த்தம். எங்க டிரைவர் என்னடான்னா நார்மல் நார்மல்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு இருந்தார்.

அப்புறம் மீன் பிடிக்க வந்த பெரியவர் ஒருத்தர் கத்திக்கிட்டே ஓடி வந்து கடப்பாரையால குத்திக் காட்டினார், ஐஸ் பாளமா உடையல, விரல் தடிமன்ல நீள நீள குச்சியா பிரிஞ்சு விழுது. வசந்த கால வெயில்ல படிகங்களுக்கு நடுவுல உருகிடும், பார்க்க தடிமன் அப்படியேதான் இருக்கும், பலம் போயிருக்கும். எங்களை தள்ளித் தள்ளி நடந்து கரைக்குப் போகச் சொன்னார். காலி வேனை ஓட்டிட்டு வர்றப்போ கரைகிட்ட முன் சக்கரம் ரெண்டும் உள்ள போயிடுச்சு. முருகன் புண்ணியத்துல டிரைவருக்கு ஒண்ணும் ஆகல, பெட்டி எல்லாம் நனைஞ்சு நாசம்.

கனடாவுல லார்ன் கோல்ட்னு ஒரு விஞ்ஞானி 1971லயே இதுக்கு கணக்கு சொல்லியிருக்கார். தடிமனை சென்டிமீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி 3.5ஆல பெருக்கினா எத்தனை கிலோ தாங்கும்னு வரும். 30 சென்டிமீட்டர்னா 3150 கிலோ, 15னா 800 கிலோ கூட இல்ல. தடிமன் பாதியானா பலம் கால்வாசிதான். இதுவும் தெளிவான, உறுதியான ஐஸுக்குத்தான், பனி கலந்த வெள்ளை ஐஸ்னா பாதி பலம்னு வைங்க. ஆளோட சேர்த்து எங்க வேன் ரெண்டரை டன் வரும். துளை போட்டு அளக்கிற கருவி ஒண்ணு கூட அவங்ககிட்ட இல்ல.

திரும்பி வந்து கேட்டா "ஐஸ் இயற்கை ஆன்ட்டி, நாங்க என்ன பண்றது"ன்னு ரீஃபண்ட் கிடையாதுன்னுட்டாங்க. 2008 கன்சூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட் இருக்கு, நேஷனல் கன்சூமர் கமிஷன்ல கம்ப்ளெய்ன்ட் போட்டாச்சு. அதே நோட்டீஸ் இப்பவும் கோயில் வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது. ஏற்கனவே அட்வான்ஸ் கட்டினவங்க, வண்டி போற வழி பூரா ஐஸை யார், என்னைக்கு, எத்தனை இடத்துல துளை போட்டு அளப்பாங்கன்னு எழுத்துல கேளுங்க, தரலைன்னா பாக்கிப் பணத்தை கட்டாதீங்க.