தைத்துக் கொடுத்த ஓவிய நோட்டு: ஓராண்டுப் பழக்கத்துக்குப் பிறகு

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கணக்குப் பேரேடுகளுக்கும் கல்லூரி ஆய்வேடுகளுக்கும் பைண்டிங் போடும் சிறிய கடை இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே சொல்லித் தைத்து வாங்கிய ஓவிய நோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்று நோட்டுகளை முடித்துவிட்டு நான்காவதில் இருக்கிறேன். ஒவ்வொன்றும் 96 பக்கம். நாளைக்கு ஒரு பக்கம். வீட்டில் நடப்பதை மட்டுமே வரைகிறேன். அம்மா, கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், கொடியில் காயும் துணி, தண்ணீர் வராத நாளில் வரிசையாக நிற்கும் குடங்கள்.

இதற்கு முன் இரண்டு நோட்டுகள் வாங்கினேன். முதலாவது வெளிநாட்டுத் தயாரிப்பு, விலை ஆயிரத்துக்கு மேல். தாளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த விலை என் கையைக் கட்டிப்போட்டது. அம்மா கீரை ஆய்வதையெல்லாம் இதில் வரையலாமா, நல்ல காட்சியாக அமையட்டும் என்று காத்திருந்து நான்கு மாதத்தில் ஏழு பக்கம்தான் வரைந்தேன். அடுத்தது 120 ரூபாய் நோட்டு. முதுகில் நூலே இல்லை, வெறும் பசை. மே மாத வெயிலில் அந்தப் பசை காய்ந்து வெடித்து, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது, தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தோடு அவள் அயர்ந்து தூங்கிய மூன்றாம் நாளை அதில் வரைந்திருந்தேன். அந்தத் தாள் பஸ்ஸில் விழுந்ததா, அலுவலகத்தில் விழுந்ததா, இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் தைத்த நோட்டைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில் கேட்டது, "எதை வைத்து வரைவீர்கள்?" என்பதுதான். பால்பாயிண்ட் பேனா, மை பேனா, எப்போதாவது வண்ணம் என்றேன். ஒரு முழுத்தாளை எடுத்து ஓரத்தை நீளவாட்டில் கிழித்துக் காட்டினார். கோடு போட்டதுபோல் நேராகக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார், கோணிக்கொண்டு போயிற்று. நேராகக் கிழியும் திசையில்தான் தாளின் நார் ஓடுகிறது. அந்த நார் நோட்டின் முதுகுக்கு இணையாக இருந்தால் நோட்டு விரித்த இடத்தில் படுத்துக்கிடக்கும். குறுக்கே இருந்தால், கொஞ்சம் ஈரம் பட்டாலும் தாள் நெளிந்துகொண்டு முதுகோடு மல்லுக்கு நிற்கும். கடையில் விற்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாட்டில் ஓடுவதால், அவற்றை இரண்டாக மடித்தால் நார் மடிப்புக்குக் குறுக்கே வந்துவிடும். அதனால் அவர் பெரிய தாளை வாங்கித் திசை பார்த்து வெட்டுகிறார். இத்தனை காலம் நோட்டு வாங்கிய எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

சதுர மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது வரைவதற்கான கெட்டித் தாள். நான்கு தாள்களைச் சேர்த்து மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். ஆறு பாரங்களை மெழுகு தடவிய நூலால் தைத்து, முதுகில் வலைத்துணி ஒட்டி, மெரூன் நிறக் காலிகோ துணியில் அட்டை போட்டிருக்கிறார். பசை, மைதா மாவில் காய்ச்சியது; பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கிறார். எல்லாம் சேர்த்து 220 ரூபாய்.

இந்தத் தாளில் பால்பாயிண்ட் பேனா எழுதும் விதத்தை நான் எங்கும் கண்டதில்லை. தாள் வழுவழுப்பாக இல்லை, சொரசொரப்பாகவும் இல்லை. ரெனால்ட்ஸ் 045 பேனாவை மெல்ல உரசினால் புகைபோல் ஒரு நீலம். அழுத்தினால் கருமையை எட்டும் நீலம். ஒரு மாலையில் அம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இடது கையில் ஈர்க்கைப் பிடித்து, வலது கை விரல்களால் இலைகளைக் கீழ்நோக்கி உருவினார். இலைகளுக்கு மெல்லிய கோடு போதும், நகத்தடியில் நிழலுக்கு அழுத்த வேண்டும் என்று உற்றுப் பார்த்தபோதுதான், வலது கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருப்பதைக் கண்டேன். நாற்பத்தாறு வருடமாக எனக்குச் சோறு போட்ட கை. கேட்டேன். கிணற்று ராட்டினத்தில் கயிற்றோடு விரல் மாட்டிக்கொண்டது, நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் என்றார். படத்துக்குக் கீழே அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். விலையுயர்ந்த அந்த நோட்டில் இந்தப் பக்கம் வந்திருக்காது.

மை பேனா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண எழுதும் மை சாயத்தால் ஆனது. வண்ணத் தூரிகை பட்டதும் கரைந்து ஓடிவிடும். நிறமித் துகள் கலந்த, நீரில் கரையாத மைதான் வேண்டும். ஆனால் அதைப் பேனாவில் நிரப்பிவிட்டு வாரக்கணக்கில் எழுதாமல் விட்டால் உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். தினமும் வரைந்தால் அந்தச் சிக்கல் இல்லை. மதுரையில் பிறந்து, இந்த ஊரின் தெருக்களையும் கோயிலையும் கருப்பு மைக் கோடுகளில் நுணுகி நுணுகி வரைந்த மனோகர் தேவதாஸின் (1936–2022) படங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பென்சிலில் மனம் ஒட்டவில்லை. விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்த காலத்திலும் அவர் கோடு போடுவதை விடவில்லை. கண் நன்றாக இருக்கும் நான், நேரமில்லை என்று ஒரு நாளைத் தவறவிட வெட்கப்படுகிறேன்.

வண்ணம் தீட்டுவதற்கென்றே வாங்குவதானால் இந்த நோட்டு வேண்டாம். ஒரு பூச்சு தாங்குகிறது. ஈரம் காயும் முன் இரண்டாம் முறை தேய்த்தால் தாளின் மேற்பரப்பு திரிதிரியாக எழும்புகிறது. நீர்வண்ணத்துக்கு 300 கிராம் தாள் தேவை, அதற்கு விலையும் வேறு. தாளும் தூய வெள்ளை அல்ல, லேசான சந்தன நிறம். எனக்கு அது பிடித்திருக்கிறது. காலிகோ அட்டை நனைந்தால் சாயம் விடுகிறது. ஐப்பசி மழையில் நனைந்த பையில் இருந்த இரண்டாம் நோட்டு, பக்கத்திலிருந்த வங்கிப் பாஸ்புக்கையும் சிவப்பாக்கிவிட்டது. இப்போது நெகிழி உறையில் போட்டுத்தான் எடுத்துச் செல்கிறேன். சொன்ன தேதியில் நோட்டு கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் இரண்டு வாரம்கூட ஆகிறது. அதனால் கையிலுள்ள நோட்டில் முப்பது பக்கம் மிச்சமிருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுகிறேன்.

தைத்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பாரத்தின் நடுப்பக்கம். 8, 9 என இரண்டு பக்கமும் ஒரே தாள். நடுவில் நூல் மட்டும் ஓடும். 24, 25இலும் அப்படியே. ஒரு நோட்டுக்கு இப்படி ஆறு இடங்கள். எல்லாரும் ஒன்றாக உட்காரும் நாட்களுக்காக அவற்றை வைத்திருக்கிறேன். அந்த ஒரு படத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறேன். இப்போது 40, 41. நேற்று அம்மாவின் பிறந்தநாள் சாப்பாடு. ஐந்து வாழை இலைகளும் மடிப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டன. அண்ணன் முகம் முடிந்தது. அம்மா பரிமாறும் கை இன்னும் பாக்கி. மாலையில் அவர் காப்பி ஆற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட வேண்டும்.