ஹேஸ்டிங்ஸ் போர்க்களம், ஒருநாள் வேன் சுற்றுலா: ஐந்துக்கு இரண்டு

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது அவள் புக் பண்ணிக் கொடுத்த சுற்றுலா. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். குறை கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன்.

போர் நடந்தது ஹேஸ்டிங்ஸில் இல்லை, அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. அந்த ஊருக்குப் பெயரே பேட்டில். வேன்காரர்களோ ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் மீனும் சிப்ஸும் சாப்பிட இரண்டு மணி நேரம் விட்டார்கள். போர்க்களத்துக்கு ஐம்பது நிமிஷம்.

வழிகாட்டிப் பையன் நல்ல மாதிரி. ஆனால் 1066 அக்டோபர் 14 காலையில் கதையைத் தொடங்கி, இங்கிலாந்து அரசன் ஹரால்டின் கண்ணில் அம்பு பாய்ந்ததோடு மூட்டை கட்டிவிட்டான். (அந்த அம்பே சந்தேகம்தான்.) "ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே?" என்றேன். "அது யார்க் பக்கம், நம்ம ரூட்டில் வராது சார்" என்றான்.

ரூட்டில் வராததில்தானே விஷயமே இருக்கிறது! ஜனவரி 5-இல் முந்தைய அரசன் எட்வர்ட் வாரிசில்லாமல் போய்ச் சேர, மறுநாளே ஹரால்ட் முடிசூடிக்கொண்டான். செப்டம்பரில் நார்வே அரசன் வடக்கே வந்து இறங்கினான். ஹரால்ட் லண்டனிலிருந்து 300 கிலோமீட்டர் ஓடிப்போய் 25-ஆம் தேதி ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தில் அவனைத் தீர்த்தான். 300 கப்பலில் வந்த கூட்டத்தில் மிஞ்சியவர்கள் ஊர் திரும்ப 24 கப்பல் போதுமாயிருந்ததாம். மூன்றாம் நாள் தெற்கே பெவன்சி கரையில் நார்மன் படையோடு நார்மண்டிப் பிரபு வில்லியம்! அத்தனை தூரமும் திரும்பி வந்த கால்கள்தான் இந்த மேட்டில் நின்றன.

மற்றவர்கள் நினைவுப்பொருள் கடையில் நின்றபோது நான் மட்டும் சரிவில் இறங்கினேன். செம்மறிகள் மேய்கின்றன. அடிவாரத்தில் சதசதவென்று ஈரம், ஷூ சேற்றில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் நார்மன்களின் பாடு புரிகிறது. மேலே கேடயத்தோடு கேடயம் ஒட்டிய வரிசை, கீழேயிருந்து குதிரையில் ஏற வேண்டும். வெறுங்கையோடு ஏறிய எனக்கே முட்டி இரண்டு இடத்தில் நிறுத்தம் கேட்டது. மேட்டுக்காரர்கள் பேசாமல் நின்றிருக்கலாம். ஓடிய நார்மன்களைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கினார்கள், வரிசை ஓட்டையாகிவிட்டது.

ஹரால்ட் விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், வில்லியம் கட்டிய மடாலயத்தின் பலிபீடம் இருந்ததாம். இப்போது ஒரு கல் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேன் ஹாரன். ஹரால்டுக்குப் பிறகு லண்டனில் எட்கர் என்ற சின்னப் பையனை அரசனாக அறிவித்ததும், முடிசூட்டுக்கு முன்பே அவன் பணிந்துபோனதும், கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் முடிசூடியதும் திரும்பும் வழியில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நானே சொன்னேன்.

போகிறவர்கள் லண்டன் சேரிங் கிராஸில் ரயில் ஏறுங்கள். பேட்டிலிலேயே நிற்கும்.