அண்டர் கவுண்டர் ஃப்ரிட்ஜ் ரப்பர்: கம்பெனி பீஸா, அளவுக்கு அடிச்சதா?

எங்க மெஸ்ல தோசைக்கல்லுக்கு எதிர்லயே ரெண்டு டோர் அண்டர் கவுண்டர் (மேடைக்கு அடில நிக்கிற ஃப்ரிட்ஜ்) ஒண்ணு நிக்குது, மாவு, பன்னீர், சட்னி எல்லாம் அதுலதான். கை நிறைய பாத்திரம் வச்சிட்டு எல்லாரும் கதவை முட்டியாலதான் சாத்துவாங்க, எண்ணெய் வேற தெறிக்கும், அதனால நிமிர்ந்து நிக்கிற ஃப்ரிட்ஜ விட இதுல கதவு ஓர ரப்பர் சீக்கிரம் விறைச்சுப் போகுது. கம்ப்ரஸர் நிக்காம ஓடுச்சு, டோர் ஓரம் வேர்த்துச்சு, காயில்ல ஐஸ் கட்டுச்சு. ஒரு பத்து ரூபா நோட்டை கதவுக்கு நடுவுல வச்சு சாத்தி இழுத்துப் பாத்தா மேல புடிக்குது, கீழ் மூலைல சும்மா வழுக்கிட்டு வருது.

கம்பெனி பீஸ் வர நாளாகும்னு சொன்னாங்க, அவ்ளோ நாள் தாங்காதுன்னு இடது கதவுக்கு மட்டும் அதை ஆர்டர் போட்டுட்டு வலதுக்கு லோக்கல்ல அளவு குடுத்து அடிச்சு வாங்கிட்டேன். சோ இப்போ ஒரே ஃப்ரிட்ஜ்ல ரெண்டு ரகமும் இருக்கு.

லோக்கல்ல ரோல்ல இருந்து வெட்டி, மூலைய 45 டிகிரில அறுத்து சூடு பண்ணி ஒட்டுவாங்க, காலைல குடுத்தா சாயந்தரம் கைல, விலையும் கம்பெனி பீஸ்ல பாதிகூட வரல. ஆனா ரிஸ்க் அளவுலதான் இருக்கு. காடில (கதவுல ஓடுற பள்ளம்) அமுக்கி மாட்டுற டைப்னா காடியோட நடுவுல இருந்து எதிர் காடி நடு வரைக்கும் அளக்கணும், ஸ்க்ரூ போட்டு மாட்டுற டைப்னா வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம். இத மாத்தி அளந்தா பெருசாயி நெளியும் இல்ல சின்னதாயி மூலைல புடுங்கிக்கும். டேப் அளவ மட்டும் நம்பாதீங்க, பழைய ரப்பர்ல ஒரு சாண் வெட்டி கையோட எடுத்துட்டுப் போங்க, ஏன்னா பின்னாடி காடில நுழையற பல்லு 1 மிமீ மாறினாலும் கழண்டு கழண்டு வரும்.

கம்பெனி பீஸ் மடிச்சு பாக்கெட்ல வந்துச்சு, மாட்டுனதும் ஒரு பக்கம் சுருண்டே நின்னுச்சு, வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்தப்புறம்தான் படிஞ்சுது. மூலை மட்டும் சும்மா கச்சிதம், ஒட்டுன இடமே தெரியல. லோக்கல்ல ஒரு மூலை எட்டாவது மாசம் வாயப் பொளந்துடுச்சு, திரும்ப சூடு வச்சு ஒட்டித் தந்தாங்க. கூலிங்ல எனக்கு வித்தியாசமே தெரியல, ரெண்டு பக்கமும் தெர்மாமீட்டர் வச்சா 5 டிகிரிக்குக் கீழதான் காட்டுது.

ஹேர் டிரையர் அடிச்சு வாஸ்லின் தடவறது ஞாயித்துக்கிழமைய ஓட்ட உதவும், அவ்ளோதான். கிழிஞ்சதுக்கு அதும் பிரயோஜனமில்ல.

ஒரு விஷயம், மெக்கானிக் வந்ததும் ரப்பரப் பாக்கல, கதவ கொஞ்சம் தூக்கிப் பாத்துட்டு "அண்ணே மொதல்ல கீலப் பாருங்க"ன்னாரு. கீல் தேய்ஞ்சு கதவு தொங்குனா எவ்ளோ புது ரப்பர் போட்டாலும் அந்த மூலை புடிக்காது, எங்க வலது கதவுல பாதிக் குத்தம் அதுதான். இன்னொண்ணு, லோக்கல் ஃபேப்ரிகேஷன் பாடின்னா ஒரு மேக்னெட்ட ஃப்ரேம்ல வச்சுப் பாருங்க, ரப்பருக்குள்ள இருக்கிற காந்தப் பட்டைதான் கதவப் புடிக்குது, ஆனா 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மேக்னெட் சரியா ஒட்டாது, அதனால உள்ள ஒரு இரும்புப் பட்டை வச்சிருப்பாங்க, அது துருப்புடிச்சு உதிர்ந்திருந்தா ரப்பர்மேல பழி போட்டுப் புண்ணியமில்ல.

என் கணக்கு, சாதா கதவுக்கு லோக்கலே போதும், அடுப்புக்கு எதிர்ல நிக்கிறது எப்படியும் சீக்கிரம் போகப்போகுது, அதுக்கு எதுக்கு டபுள் காசு. டிராயர் டைப்னா கம்பெனி பீஸ்தான், ஒரு நாள்ல நூறு தடவ இழுக்கறோம், சின்ன ஃப்ரேம்ல நாலு மூலையும் கிட்ட கிட்ட இருக்கு, லோக்கல் ஒட்டு அங்க தாங்காது. மாடல் நம்பர் ஸ்டிக்கர் அழியறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, எங்களுது எண்ணெய்ல பாதி போயிருச்சு, மிச்சத்த டார்ச் அடிச்சுதான் படிச்சோம்.